கருநாக்கு

நான் நின்று கட்டவைத்த கக்கூஸ் ஒன்று புதுச்சேரியில் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு, ஏழு வருடம் அப்படித்தான் திரிந்தேன். போன கார்த்திகையில் ஒரு நாள், காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் நடுவில், அந்தப் பெருமை முழுக்க இறங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். குடிநீர், சுகாதாரம் என்று தெருத்தெருவாகப் போய்ப் பேசுவது என் வேலை. வில்லியனூர் சாலையில், மூலக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூடிப்போன ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. நாற்பது வீடு இருக்கலாம். மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் அங்கே இருக்கிறார்கள். ஆண்கள் விடிகாலையில் சேதராப்பட்டு கம்பெனி வேனுக்காகச் சாலையில் வந்து நிற்பார்கள், பெண்கள் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போவார்கள். ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் வீடுகள். கக்கூஸ் கட்ட இடம் ஏது? எல்லோரும் மில் சுவரைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்குத்தான் போவார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலையைத் தாண்டுவார்கள்.

எங்கள் நிறுவனம் அங்கே ஐந்து கழிப்பறை கொண்ட ஒரு சின்னக் கட்டடம் கட்டியது. ஐந்தில் ஒன்று, வயதானவர்களுக்காக, உட்கார்ந்து போகிற கமோடு. கட்டடத்தின் வெளிச்சுவரில், சாலை லைனிலிருந்து இழுத்து, ஒரு பொதுக்குழாய். கட்டடத்துக்குள் புழங்குவதற்கு மாடியில் தனித் தொட்டி, கைப்பம்பு, எல்லாம் இருந்தது. குடிதண்ணீர் மட்டும் குழாயில் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வரும், ஒரு மணி நேரம் வரும். அந்தப் பெண்களுக்குக் குழாய்தான் வேண்டியிருந்தது. கக்கூஸ் எங்களுக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம்.

இந்த மாதிரி நாங்கள் கட்டியவற்றில் மற்றவையெல்லாம் என்ன ஆயின என்று கேட்காதீர்கள். ஒன்றில் ஆடு கட்டினார்கள். ஒன்றில் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றின் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூடப் போக முடியாது. மில் சுவர்க் கட்டடம் மட்டும் வருடா வருடம் வரும் போட்டோவில் நேற்றுத் திறந்ததுபோல் இருக்கும். கூட்டங்களில் அதைத்தான் திரையில் போட்டுக் காட்டுவார்கள். நான் வேலையை விட்டு, லாஸ்பேட்டையில் வீட்டோடு டியூஷன் எடுக்க ஆரம்பித்த பிறகும், "அது என் கைவேலை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

இதற்கெல்லாம் பிரான்ஸிலிருந்து பண உதவி செய்தவர்களுக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. மாற்றம் நிலைத்து நிற்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள். அந்த ஜனங்களைத் தெரிந்த ஆள் என்று நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. இரண்டு நாள் வேலைதானே, பழைய முகங்களைப் பார்த்ததுபோலவும் இருக்கும் என்று கிளம்பினேன்.

மூன்று நாள் பெய்த மழை விட்டிருந்த காலை. வானம் வெளுக்காமல், இருட்டாமல், ஒரே சாம்பலாக இருந்தது. குடியிருப்புக்குள் ஸ்கூட்டர் போகாது, சேறு. சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்தக் கட்டடம்தான். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் மாக்கோலம். தெரு முழுக்கச் சேறு, அந்தப் படியில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஆள் ஏறி இறங்கும் படியில் சேறு இல்லாமல் எப்படி என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குப் பூரிப்புதான் வந்தது.

சுவரில் நான் ஏழு வருடத்துக்கு முன் நீலப் பெயிண்டில் எழுதிய வாசகம் இருந்தது. 'இது நம் வீடு. நம் வீட்டை நாமே காப்போம்.' மழையிலும் வெயிலிலும் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தேன். யாரோ ஒவ்வொரு வருடமும் அதே எழுத்தின் மேலேயே மறுபடி மறுபடி எழுதியிருக்கிறார்கள். 'ம'வை நான் கொஞ்சம் சாய்த்து எழுதுவேன், அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டிருந்தேன், அதையும் வைக்காமல் விட்டிருந்தார்கள். என் கையெழுத்துதான், ஆனால் விரல் தண்டிக்குப் பெருத்துப்போயிருந்தது. எனக்கு ஏனோ அதை ரொம்ப நேரம் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு நடுவயதுப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அடையாளம் தெரிந்துகொண்டாள், ஆனால் சிரிக்கவில்லை. நான் படிவத்தைப் பிரித்தேன்.

"கை கழுவறது பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க."

"சாப்பிடறதுக்கு முன்னாடியும், வெளிய போய்ட்டு வந்த பின்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கழுவும்போது இருபது வரைக்கும் எண்ணணும். அவசரப்படக் கூடாது. புரியுதா?"

அந்தப் 'புரியுதா'வைச் சொல்லும்போது அவள் ஆள்காட்டி விரலால் மூக்கின் மேலே ஒரு தள்ளுத் தள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் அப்படிக் கண்ணாடியைத் தள்ளுவேன். அவளுக்குக் கண்ணாடி கிடையாது.

இரண்டாவது வீட்டில் அதே சொற்கள். அதே இடத்தில் மூச்சு வாங்கினாள். அதே 'புரியுதா', மூக்கின் மேல் அதே விரல். மூன்றாவது வீட்டில் இருந்தவள் கல்யாணமாகி வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறதாம், என்னை அவள் பார்த்ததே கிடையாது. அவளும் சொல்லி முடித்துவிட்டு மூக்கைத் தள்ளினாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கேள்விக்குப் போனேன். "டாய்லெட்ட ஒரு நாளைக்கு எத்தன தடவ உபயோகப்படுத்தறீங்க?"

"சுத்தமா வெச்சிருக்கோம் மேடம்."

"சரி. வீட்ல யார் யாரெல்லாம் போறீங்க?"

"சுத்தமா வெச்சிருக்கோம்."

"நான் அதக் கேக்கல."

"நீங்களே போய்ப் பாருங்க மேடம். அவ்ளோ சுத்தமா இருக்கும்."

எட்டு வீட்டில் எட்டுத் தரமும் இதே பதில். யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பேசும்போது உன்னிப்பாகப் பார்ப்பதும், பேச்சை நிறுத்தினால் மூச்சு விடுவதுமாக இருந்தார்கள். பல்லில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்துக்கொண்டேன்.

சாவி இருக்கிற அக்காவைத் தேடினேன். மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். திறப்பு விழாவன்று எல்லோர் முன்னாலும் அவர் கையில்தான் சாவியைக் கொடுத்தேன். தெருக் கோடியில் அவர் வந்துகொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. இரண்டு பேருக்கும் முழங்கால்வரை கறுப்புச் சேறு. கர்ப்பிணியின் கையில் காலி பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது.

"வாங்க மேடம்" என்றார் அக்கா. "மருமவ. இது ரெண்டாவது. அம்மா வீட்டுக்கெல்லாம் போவல, இங்கதான். இன்னும் பத்து நாள்ல ஆயிடும்னு சொல்லியிருக்காங்க."

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"இன்னா மேடம் கேக்கறீங்க? வாய்க்காக் கரைக்குத்தான்."

அந்தக் கரை எனக்குத் தெரியும். மில் சுவரைத் தாண்டி இடுப்பளவு ஏற்றம். களிமண். மழைக்காலத்தில் வெறுங்கையோடு ஏறினாலே வழுக்கும்.

"கக்கூச பக்கத்துல வெச்சிக்கிட்டு எதுக்குக்கா அங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "நீங்க வந்து பாருங்க மொதல்ல" என்று என்னைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். படியேறும் முன் காலைக் கழுவினார், என்னையும் கழுவச் சொன்னார்.

உள்ளே பினாயில் வாசனை. வேறு எந்த வாசனையும் இல்லை. தரை ஈரமாக இருந்தது, கொஞ்சம் முன்னால்தான் கழுவியிருக்கிறார்கள். சோப்புப் பெட்டியில் ஒரு சோப்பு. அதன் மேல் கம்பெனி எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. கொடியில் மடித்த துண்டு, மடிப்புக் கோடு கலையவில்லை. பீங்கான்கள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுபோல இருந்தன. நான் கமோடு இருக்கிற அறைக்குள் போய் உள்தாழ்ப்பாளைத் தள்ளினேன். வரவில்லை. பலம் கொடுத்துத் தள்ளியபோது துருப்பிடித்த தாழ் ஒரு சத்தம் போட்டு நகர்ந்தது. வெளியே தெருவில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

"இத யாருமே உபயோகிக்கறதில்லையா?" என்றேன்.

"தெனம் பதினோரு மணிக்குக் கழுவிடறோம் மேடம். மொற வெச்சிருக்கோம், ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒரு நாள் தவறினதில்ல."

"கழுவறது சரி. போறது?"

"போனா அசிங்கமாயிடுமே" என்றார் அக்கா.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் எதிரில் நின்றுகொண்டு, பாடம் ஒப்பிக்கும் குரலில், நான் மறந்துபோயிருந்த ஒன்றை எனக்கே சொன்னார்.

திறப்பு விழா முடிந்து பத்தாம் நாள் நான் அங்கே போயிருக்கிறேன். ஒரு அறையை யாரோ பாழாக்கிவைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது, அப்போதும் இப்போதும். தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். "இது நாறிச்சுன்னா அந்தக் கொழாய்ல ஒரு சொட்டுத் தண்ணி வராது, பாத்துக்கிட்டே இருங்க!" அன்றைக்குச் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெண்கள் பயந்துபோய்ச் சேர்ந்து தேய்த்துக் கழுவினார்கள். மூன்றாம் நாள் வந்தது.

அவர் சொல்லச் சொல்ல எல்லாம் நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றும் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று நாளும் பெரிய சாலையில் பைப் உடைந்து குழி தோண்டிக்கிடந்தது. நான் தினம் அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்கூட்டரில் வந்தேன். மூன்றாம் நாள் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சே மேடம்" என்றபோது நான் குழியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "பாத்தீங்களா? புரியுதா?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் படம் காட்டியும் பாட்டுப் பாடியும் நடக்காத வேலை, அந்த மூன்று நாளில் நடந்துவிட்டதே என்று உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. மேலதிகாரியிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

"அப்பறம் இன்னொரு வாட்டி ஒரு கொழந்த அசிங்கம் பண்ணிடுச்சு" என்றார் அக்கா. "எல்லாரும் கூடிப் பேசினோம். போனாத்தான அசிங்கமாவுது? போவாம இருந்துட்டா? அன்னிக்குப் பூட்டினது. அதுலேர்ந்து தண்ணி ஒரு நாள் நின்னதில்ல மேடம். உங்க வாக்கு."

வாக்கு என்று அவர் சொன்னது கோயிலில் சாமி வந்து ஆடுகிறவளிடம் கேட்கிற வாக்கு. படிக்குக் கீழே நின்ற பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் மெல்லத்தான் கேட்டாள், எனக்குக் காதில் விழுந்தது. "நாக்கு தெரிஞ்சுதா? கருப்பா இருக்குதா?"

காலையிலிருந்து என் வாயை ஏன் பார்த்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கருநாக்கு உள்ளவர்கள் வாயிலிருந்து வரும் கெட்ட வார்த்தை பலித்துவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். என் வீட்டிலும் விளையாட்டுக்கு ஒருவரையொருவர் அப்படித் திட்டிக்கொள்வோம். இங்கே ஒரு தெருவே ஏழு வருடமாக அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் என் ஒரு வார்த்தைக்குப் பயந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான் சொன்னது பொய். ரோட்ல பைப்பு ஒடஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன். தப்பு என்னோடது. இந்தக் கொழாய்க்கும் கக்கூசுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இது நீங்க போறதுக்குத்தான் கட்டினது."

அக்கா மெதுவாகச் சிரித்தார். நல்ல மனசோடு சிரித்தார். "நீங்க சோதிப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். அன்னிக்கே சொன்னீங்களே, நானே வந்து ஏமாத்தினாலும் ஏமாறக் கூடாதுன்னு."

அப்படியும் சொல்லியிருப்பேன். பயிற்சியில் எல்லாக் கூட்டத்திலும் அதைச் சொல்வது என் வழக்கம். சுருக்கென்று பேசினால் மனதில் நிற்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கர்ப்பிணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் களைப்பு. காலில் இருந்த சேறு காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. நான் அவளிடம் போனேன்.

"இங்க பாரும்மா, இந்த நெலமையில அந்தக் கரையில ஏறி எறங்கி நீ விழுந்தீன்னா…"

அவள் பாய்ந்து வந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். சேற்று வாசனை அடிக்கும் கை, குளிர்ந்திருந்தது. கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். வாயாடி என்றிருக்கிறார்கள், திமிர் பிடித்தவள் என்றிருக்கிறார்கள். எதுவும் இப்படி வலிக்கவில்லை.

ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. இன்னும் பத்து நாள், தினம் நாலைந்து தரம் அந்தக் கரையில் ஏறி இறங்க வேண்டும். அவள் வழுக்கி விழுந்தால் அதைச் செய்தது நான்தான். அதனால் மறுபடி அதே ஆயுதத்தை எடுத்தேன். அக்காவிடம் கடுமையான குரலில் சொன்னேன்: "நான் சொல்றேன், இவ இன்னிக்கு உள்ள போவணும். இது உத்தரவு." சொன்னதும் அக்காவின் தோள் இறங்கிவிட்டது. பயந்து கீழ்ப்படிந்தார். அதைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது, என்றாலும் காரியம் நடந்தது.

சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். மூன்றரை மணி வாக்கில் மருமகளுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. பாட்டிலை எடுத்தவளை நான் கையைப் பிடித்துக் கமோடு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். தெருப் பெண்கள் எட்டத்தில் கும்பலாக நின்றார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "ஒக்காந்துக்கினே போலாங்க்கா" என்றாள். ஆச்சரியமாகச் சொன்னாள். "முட்டி வலிக்கவேயில்ல. புடிச்சிக்கறதுக்குக் கம்பிகூட வெச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ஏழு வருடத்தில் அந்தக் கட்டடம் ஒரு மனுஷிக்கு உதவியது என்றால் அது அந்தக் கொஞ்ச நேரம்தான். எனக்கு அழுகை வந்தது. அழாமல் சமாளித்தேன்.

நாலு மணிக்குக் குடங்கள் குழாயடியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. முதல் குடம் அக்காவுடையது. அவர் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"கொஞ்சம் பொறுங்க, வரும்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

நாலே கால். யாரும் சண்டை போடவில்லை, குடத்தை நகர்த்தவில்லை. நாற்பது வீட்டுத் தெருவில் ஒரு டிவி சத்தம்கூட இல்லை, யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. நாலரை. அப்போது ஒருத்தி தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். என்னையே நம்பி வாசலில் காத்து நிற்கிறவர்களின் முகங்கள் அவை.

அக்கா உள்ளே போய் பிரஷ்ஷும் வாளியும் எடுத்துவந்தார். மருமகள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "குடுங்க அத்த. நான்தான போனேன்." வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கமோடு அறையில் மண்டியிட்டாள். நான் ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. உள்ளே ஒரு கறையும் கிடையாது, வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த வெள்ளையை அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரோட்ல ஏதாவது ரிப்பேரா இருக்கும். நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"போங்கக்கா" என்றாள், தலையைத் தூக்காமல். "கோச்சுக்காதீங்க. நீங்க இங்க இருந்தா வராது."

நடந்தேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். சாலை முனையில் ஒருவர் இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் விட்டு, முழு உடம்பையும் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். வால்வு திறக்கிறவர். பக்கத்தில் அவர் சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

"ஏன் லேட்டு?" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பஞ்சர்மா. தள்ளிக்கினே வந்தேன். முக்கா மணி நேரம்தான ஆச்சு? அஞ்சே முக்கா வரைக்கும் விட்டுடறேன்."

"நீங்க என்கூட வாங்க. வந்து இதையே அவங்ககிட்ட ஒரு தரம் சொல்லுங்க. பஞ்சருன்னு சொல்லுங்க, போதும்."

"நான் வந்து எதுக்கும்மா சொல்லணும்? தண்ணிதான் போவுதே. இன்னும் நாலு தெரு இருக்கு எனக்கு." கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாதாடினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தத் தெருவுக்குள்ளிருந்து பெண்களின் குரல்கள் திடீரென்று கிளம்பின. குடங்கள் நகர்வது, யாரோ சிரிப்பது, குலவை போடுவது எல்லாம் சாலைவரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மருமகள் வந்தாள். முழங்கையில் பினாயில் நுரை காயவில்லை. கையில் பாட்டில், முழுக்கத் தண்ணீர். மில் சுவர் திரும்புகிற இடத்தில் என்னைப் பார்த்ததும் நின்றாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, எனக்கு நல்ல சேதி கொண்டுவந்தவள்போல இருந்தாள்.

"தண்ணி வந்துடுச்சுக்கா" என்றாள்.

பார்த்துப் போம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகம் வெளிறி, கை தன்னால் வயிற்றுக்குப் போனது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் சுவரைச் சுற்றி நடந்தாள். கரையின் அடியில் ஒரு நிமிடம் நின்றாள், பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், பிறகு இரண்டு கையையும் சேற்றில் ஊன்றி ஏறத் தொடங்கினாள்.